தளம் வழுக்கலாமா?

ஓடம், தோணி, படகு, வள்ளம், பரிசல், தெப்பம், புணை, நாவாய், வங்கம், கலம் என்று நீரில் மிதப்பதற்குத் தமிழன் வைத்த பெயர்கள் பல. கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலம் தனதாக்கிக்கொண்டது. பெயர் வைப்பதில் நாம் ஏழைகள் அல்லர். பெருமை பேசுவதிலும் ஏழைகள் அல்லர். ஆனால், நண்பர்களே, படகில் ஏறுகிறவன் முதலில் கால் வைக்கிற இடம் எது? அதன் தளம். அந்தத் தளத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

கவிதையும் கதையும் வரும் மன்ற இதழில் படகுத் தளத்தில் ஒட்டும் நுரை விரிப்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். விடுமுறை வந்தால் நம்மில் பாதிப் பேர் தேக்கடிக்கும் மூணாற்றுக்கும் மலம்புழைக்கும் வண்டி ஏறுகிறோம். கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் குமுளியிலும் வண்டிப்பெரியாற்றிலும் பிறந்து இங்கே படிக்க வந்தவர்களும் நம்முள் இருக்கிறார்கள். அந்த ஏரிகளில் படகு ஏறுகிற கால்கள் நம் கால்கள். நம் தாய்மார்களின் கால்கள். ஆகவே இது நம்மைப் பற்றிய செய்தியே.

நான் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன். என் சித்தப்பா ஃபைபர் கண்ணாடி வேலை செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறார். தண்ணீர்த் தொட்டி செய்வார். பழைய படகுகளின் உடைசலை ஒட்டித் தருவார். விடுமுறை நாட்களில் அவருக்கு எடுபிடியாக இருந்து நானும் சில படகுகளுக்கு நுரை விரிப்பு ஒட்டியிருக்கிறேன். அந்தக் கைப்பழக்கத்தை நம்பித்தான் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில், இந்த விரிப்பு ஏன் வேண்டும் என்று பார்ப்போம். பழைய வள்ளங்கள் மரத்தால் ஆனவை. மரத்துக்கு இயல்பாகவே ஒரு சொரசொரப்பு உண்டு. பரம்பிக்குளத்திலும் தேக்கடியிலும் வனத்துறை விடும் மூங்கில் தெப்பங்களைப் பாருங்கள். மூங்கிலின் இடுக்குகளில் நீர் வடிந்துவிடுகிறது, தேங்குவதில்லை. ஆனால் இன்றைய சிறு படகுகள் பெரும்பாலும் ஃபைபர் கண்ணாடியால் ஆனவை. மழமழவென்று பளபளக்கும். அதில் நான்கு துளி நீர் விழுந்தால் போதும், சோப்பு தேய்த்த குளியலறைத் தரை போலாகிவிடும். மலைப்பகுதியில் தென்மேற்குப் பருவமழை ஒரு புறம், ஐப்பசி கார்த்திகை மழை மறுபுறம் என்று ஆண்டில் பாதி நாள் தளம் ஈரமாகவே கிடக்கும். ஈரம் தங்கினால் பாசி பிடிக்கும். பாசி பிடித்த தளத்தில், ஆடுகிற படகில், கைக்குழந்தையோடு ஒரு பெண் நடந்து இருக்கைக்குப் போக வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

இதற்கு முன்னோர் சில வழி கண்டார்கள். கயிற்றுப்பாய் விரித்தார்கள். அது நீரைக் குடித்துக் கனத்துப்போகும். அடியில் ஈரத்தைத் தேக்கி மரத்தை உளுக்கச் செய்யும். சில வேளைகளில் பாயே வழுக்கிக்கொண்டு போகும். வண்ணம் பூசி அது உலருமுன் மணல் தூவினார்கள். அது நல்ல வழிதான். ஆனால் வெறுங்காலைக் கீறும், விழுந்தவனின் முழங்காலைப் பிய்க்கும்.

இப்போது வந்திருப்பது நுரை விரிப்பு. கடையில் 'ஈ.வி.ஏ. ஃபோம்' என்று கேட்டால் தருவார்கள். எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பது அதன் முழுப் பெயர். பெயர் பெரிதென்று அஞ்ச வேண்டாம். நாம் அணியும் இலேசான செருப்புகள் பலவற்றின் அடிப்பாகம் இதே பொருள்தான். கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையும் மூடியது. ஆகவே நீரை உறிஞ்சாது. ஐந்தாறு மில்லிமீட்டர் கனம். மேலே வரி வரியாகக் கீறியிருக்கும். கால் பிடித்து நிற்கும். அடியில் பசை தடவித் தாள் மூடியிருக்கும். தாளை உரித்து ஒட்ட வேண்டியதுதான்.

எடையிலும் இதற்கு ஒரு சிறப்பு உண்டு. ஒரு சதுர மீட்டர் விரிப்பு இரண்டு கிலோவுக்கும் குறைவு. இருபது சதுர மீட்டர் தளம் முழுவதும் ஒட்டினாலும் நாற்பது கிலோவைத் தாண்டாது. ஒரு பள்ளி மாணவனின் எடை. அதே இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் கனத் தேக்குப் பலகை பதித்தால் இருநூற்றைம்பது கிலோவுக்கு மேல் போகும். நான்கு பெரியவர்களை நிரந்தரமாக ஏற்றி வைத்தது போலாகும். படகில் எடை எவ்வளவு என்பதைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் படகைச் சாய்வதற்கு அழைக்கும். எனவே இலேசான விரிப்பு நல்லதே.

பொருள் நல்லது. அதை நாம் நடத்தும் விதம் நல்லதா? என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

எல்லைப்புறத்து ஏரி ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். புதிதாக விரிப்பு ஒட்டிய படகு. வண்ணம் கண்ணைப் பறித்தது. படகின் முன்புறத்தில் ஒரு மூலை மட்டும் காய்ந்த வாழையிலை போலச் சுருண்டு எழும்பியிருந்தது. ஏறிய மூதாட்டி ஒருவரின் கால்விரல் அதில் தடுக்கியது. கைப்பிடிக் கம்பியில் நெற்றி மோதி இரத்தம் வந்துவிட்டது. நிர்வாகத்தைச் சேர்ந்தவர் ஓடிவந்தார். வந்தவர் திட்டியது யாரை? அங்கே கயிறு பிடித்து நின்ற பதினெட்டு வயதுப் பையனை. "மூலையைப் பார்க்க மாட்டியா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றார்.

பின்னர் அந்தப் பையனிடம் மெல்லக் கேட்டேன். "அண்ணே, சாயங்காலம் ஒட்டுனாங்க. மறுநாள் காலையில லீவு நாள், கூட்டம். எட்டு மணிக்கெல்லாம் ஓட்டச் சொல்லிட்டாங்க. பசை பிடிக்கவே இல்ல. நான் சொன்னேன், யாரு கேக்குறா?" என்றான். அவன் சொன்னது சரி. அந்தப் பசை முழுவலிமை பெற மூன்று நாட்கள் ஆகும். ஒரு முழு நாளாவது கால் படாமல், நீர் படாமல் விட வேண்டும். ஒரு நாள் வசூலை விட மனமில்லாத அவசரம், மூதாட்டியின் நெற்றியில் முடிந்தது. பழியோ கூலிக்காரப் பையன் தலையில் விழுந்தது.

இந்த நீதி எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்கிறதா?

ஒட்டுவதிலும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு முறைக்கும் ஒரு காரணம் உண்டு. அச்சிலிருந்து எடுத்த புதிய ஃபைபர் கண்ணாடியின் மேல் மெழுகு படிந்திருக்கும். அச்சில் ஒட்டாமல் கழல்வதற்காகத் தடவிய மெழுகு அது. அதைத் துடைக்காமல் ஒட்டினால் பசை மெழுகைப் பிடிக்கும், தளத்தைப் பிடிக்காது. சோப்பு நீரால் கழுவி, நன்கு உலரவிட்டு, அசிட்டோனோ ஆல்கஹாலோ நனைத்த தூய துணியால் துடைக்க வேண்டும். துணி கறுத்தால் வேறு துணி எடுத்து மீண்டும் துடைக்க வேண்டும். துடைத்த பின் விரலும் படக் கூடாது. விரலின் எண்ணெயும் பசைக்குப் பகை.

அடுத்து, காகிதத்தில் அளவு வெட்டி, அதைத் தளத்தில் வைத்துப் பார்த்த பிறகே விரிப்பில் கத்தி வைக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலைதான் முதலில் எழும்பும். வட்டமூலை எளிதில் எழும்பாது. இரண்டு துண்டுகளுக்கிடையே விரற்கடை இடைவெளி விட்டால் நீர் அதன் வழியே ஓடும். வடிகால் துளையையும், அடியறையின் மூடியையும் மூடி ஒட்டிவிடக் கூடாது. அழகு கருதி மூடியை மறைத்துவிட்டால் அடியறையில் நீர் புகுந்தது யாருக்குத் தெரியும்?

பிறகு காலம். மூணாற்றிலும் குண்டளையிலும் மார்கழி, தை மாத விடியலில் புல்லின்மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரிலும் பனி ஈரத்திலும் பசை பிடிக்காது. சமவெளியின் நடுப்பகல் வெயிலில் தளம் கொதிக்கும்போது ஒட்டினால் விரிப்பு நீண்டு நிற்கும். குளிர்ந்ததும் சுருங்கி மூலையை இழுக்கும். வெயில் தாழ்ந்த வேளையில், நிழலில், தளம் உலர்ந்திருக்கும்போது ஒட்டுவதே முறை. தாளை ஒரேயடியாக உரிக்காமல் சாண் சாணாக உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இத்தனையும் ஒரு நாள் வேலை. அதன்பின் வருவது ஆண்டுக்கணக்கான வேலை. நாள்தோறும் நல்ல நீரால் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையும் மிதமான சோப்பும் கொண்டு வரிகளுக்கிடையே சேர்ந்த மண்ணைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஏனெனில் வரியில் மண் நிரம்பிவிட்டால் விரிப்பும் மழமழப்பாகிவிடும். வழுக்காமலிருக்கப் போட்ட பொருளே வழுக்கும். டீசல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். ப்ளீச்சிங் பொடியும் தின்னரும் ஆகா. அழுத்தக் குழாயால் நீரைப் பீய்ச்சுகிறவர்கள் ஓரத்துக்கு நேரே பிடித்தால் நீர் பசைக்குள் புகுந்து உரித்தெடுக்கும். நங்கூரத்தையும் முக்காலியையும் தளத்தின்மேல் இழுக்கக் கூடாது. படகு ஓடாத வேளையில் வெயில் படாமல் மூடி வைத்தால் ஆயுள் கூடும். ஓரம் எங்கேனும் எழும்பினால், அன்றே துடைத்து உலர்த்தி மீண்டும் ஒட்ட வேண்டும். நாளைக்கு என்றால் நாளை மறுநாள் ஒருவர் விழுவார்.

இவற்றில் எதற்கும் பெரும் பொருள் வேண்டாம். ஒரு தூரிகை, ஒரு வாளி, ஒரு துணி, அரை மணி நேரம், அந்த அரை மணிக்கு உரிய கூலி. இவ்வளவுதான். இதைத் தருவதற்குத்தான் நம் நாட்டில் மனம் வருவதில்லை. புதிது வாங்குவதற்குப் பணம் இருக்கிறது. வாங்கியதைப் பேணுவதற்கு இல்லை. திறப்பு விழாவுக்கு மாலை இருக்கிறது. தினமும் கழுவுகிறவனுக்கு ஒரு நல்ல சொல் இல்லை. நம் பள்ளிக்கூடம், நூலகம், விடுதி எல்லாவற்றிலும் இதே கதைதான். படகில் மட்டும் இது உயிரோடு விளையாடும் கதையாகிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விரிப்பு காலைக் காக்கும், படகைக் காக்காது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் மாண்டனர். நீரில் இறங்கிச் சில வாரங்களே ஆன புதிய படகு அது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளே மிகுதி. மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இவற்றுள் எதுவும் தளம் வழுக்கியதால் நேர்ந்ததன்று. எந்த விரிப்பும் அந்த உயிர்களை மீட்டிருக்காது.

ஆகவே எவரேனும் பழைய படகுக்கு வண்ணம் அடித்து, நுரை விரிப்பு ஒட்டி, "பாதுகாப்பான படகு" என்று பலகை மாட்டினால் ஏமாறாதீர்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா, ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா, மேல்தளத்தில் எழுந்து ஒரு பக்கமாக ஓடாதபடி சொல்ல ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை மாற்றி 2021இல் உள்நாட்டுக் கலங்களுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பதிவும் ஆய்வும் அதில் உண்டு. நன்று. ஆனால் ஆய்வாளர் என்றோ ஒரு நாள் வருவார். ஈரம் தினமும் வரும்.

அப்படியானால் தளத்தைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கண்ணெதிரே கிடக்கும் மூலையை ஒட்டாத நிர்வாகம், கண்ணுக்குத் தெரியாத அடியறையைப் பார்த்திருக்கும் என்று எப்படி நம்புவது? தளம் ஒரு கண்ணாடி. படகை எப்படிப் பேணுகிறார்கள் என்பதை ஏறிய கணமே அது காட்டிவிடும். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். இதையும் படிக்கக் கற்போம்.

இன்னொரு மறுப்பும் வரும். காட்டு ஏரியில் இந்த நுரையும் பசையும் தகுமா என்பார்கள். நியாயமான கேள்வி. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையால் உண்டானது தேக்கடி ஏரி. அன்று மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன. 1978 முதல் அது புலிகள் காப்பகம். அந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை வயலுக்கும் வாய்க்கும் போகிறது. ஏரியில் விழுந்த நுரைத்துண்டு நம் வீட்டுக் குடத்தை நோக்கித்தான் பயணப்படுகிறது.

எனவே வெட்டுவதும் ஒட்டுவதும் கரையில் நடக்கட்டும். பழைய விரிப்பைச் சுரண்டும்போது ஒரு துணுக்கும் நீரில் விழாதபடி அள்ளிச் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவரட்டும். பசை கரைத்த திரவத்தை ஏரியில் ஊற்றாதிருக்கட்டும். கிழிந்த விரிப்பைக் கிழிந்தபடியே விட்டால்தான் துண்டு துண்டாக உதிர்ந்து நீரில் கலக்கும். பேணிய விரிப்பு எளிதில் உதிராது. இங்கும் விடை பேணுதலே.

கடைசியாக ஒன்று. நான் பார்த்த விரிப்புக் கட்டுகளில் எல்லாம் வழிமுறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதை வாங்குகிற முதலாளி படிப்பார். அல்லது படிக்காமல் வைப்பார். ஒட்டுகிறவனுக்கும் கழுவுகிறவனுக்கும் தெரிந்தது தமிழ், அல்லது மலையாளம், எல்லைப்புறத்தில் பலருக்கு இரண்டும். "ஒரு நாள் நடக்காதே" என்ற மூன்று சொற்கள் அந்தப் பையனின் மொழியில் அச்சாகிப் படகுத்துறையில் தொங்கியிருந்தால், "யாரு கேக்குறா?" என்று அவன் சோர்ந்திருக்க மாட்டான். தாளைக் காட்டிப் பேசியிருப்பான். அச்சில் இருக்கும் சொல்லுக்கு ஒரு வலிமை உண்டு. அந்த வலிமை படித்தவனிடம் மட்டும் தங்கிவிட்டால் தமிழ் வளர்ந்ததென்று எப்படிச் சொல்வது?

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறைக்கு முன் ஒரே ஒரு பக்கம் எழுதுவோம். ஒட்டும் முறை பத்து வரி. பேணும் முறை பத்து வரி. பொறியியல் மாணவர் சரிபார்க்கட்டும். வேதியியல் மாணவர் பசையைப் பற்றிச் சொல்லட்டும். பாலக்காட்டு நண்பர்கள் அதை மலையாளத்தில் ஆக்கட்டும். காமராசர் 1955இல் திறந்துவைத்த மலம்புழையிலும், மாட்டுப்பட்டியிலும், தேக்கடியிலும் படகுத்துறைத் தொழிலாளர் கையில் அதைக் கொடுப்போம். கொடுக்கும்போது அவர்களிடமும் கேட்போம்; நமக்குத் தெரியாத பத்து வரி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதையும் சேர்த்து மறு பதிப்பு அச்சிடுவோம்.

அதுவரை, படகில் ஏறும்போது ஒருமுறை குனிந்து தளத்தைப் பாருங்கள். மூலை எழும்பியிருந்தால் துறையில் சொல்லுங்கள். கயிறு பிடித்து நிற்கும் தம்பியைத் திட்டாதீர்கள். அவனுக்கு ஒரு தூரிகையும் அரை மணி நேரமும் கொடுக்கச் சொல்லி, கொடுக்க வேண்டியவரிடம் கேளுங்கள்.